கணிப்பொறியும் எங்கள் வீட்டுப் பூட்டியும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போன குடும்பங்களில், ஒரு தலைமுறை கடந்ததும் ஒரு கேள்வி எழுந்தே தீரும். “நாம் எங்கிருந்து வந்தோம்?” என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் குழந்தைகள். விடை சொல்ல வேண்டியவர் வீட்டு மூத்தோர். வழிவழியாக வந்த இந்த முறைமை, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் மாறிப்போயிற்று. கேள்வி கேட்டவள் எங்கள் பேத்திதான். விடை சொன்னதோ ஒரு கணிப்பொறி. அவ்விடை தவறாக இருந்தது என்று முறையிடுவதற்காக இதனை எழுதவில்லை. அது ஏன் தவறிற்று என்று தேடிப் புறப்பட்ட நாங்கள், கடைசியில் எங்கள் குறையையே கண்டுகொண்டு திரும்பினோம். அதைச் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிவிடுவது கடமை என்று தோன்றியது.

எங்களை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நாங்கள் இருவரும் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர். எங்களில் ஒருவர் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தில், நிலக்கடலை விளைவித்த உழவர் குடியிற் பிறந்தவர். மற்றவர் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முன்னவருக்கு மாநில எல்லை என்பது கண்ணெதிரே கிடந்த வயல்வரப்பு; பின்னவருக்கு அது மேகம் மூடிய மலைமுகடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, இரு குடும்பங்களும் நின்ற இடத்தில் நின்றபடியே கேரள மாநிலத்தவர் ஆயின.

மலையிற் பிறந்தவரின் தாயார் இன்று எங்களோடு இருக்கிறார். வயது எண்பத்தெட்டு. கையெழுத்து அறியார். நாற்பதாண்டுக்கு மேல் கொழுந்து பறித்த கைகள். ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவ்வழக்கப்படி ஒரு தகரப் பெட்டியோடு மலையிறங்கிச் சித்தூர்ச் சமவெளிக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் மகன் எறணாகுளத்தில் கணிப்பொறித் தொழிலில் இருக்கிறான். அவன் மகள் எட்டாம் வகுப்பு மாணவி. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுக்கு இவர் பூட்டி. இனி நாங்களும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

விடுமுறைக்கு வந்த பேத்தி, ‘என் குடும்ப வரலாறு’ என்னும் தலைப்பில் பள்ளியில் எழுதிப் பாராட்டுப் பெற்ற கட்டுரையைப் பூட்டியின் அருகே அமர்ந்து, தமிழாக்கிப் படித்துக் காட்டினாள். எங்கள் முன்னோர் சென்ற நூற்றாண்டுக்கு முன் தமிழகத்திலிருந்து இலங்கைக்குச் சென்றனர். அங்கே காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். 1948இல் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் கப்பலேறித் தாயகம் திரும்பி, மலைத்தோட்டங்களில் குடியமர்ந்தனர். சொற்கள் அழகாக இருந்தன. ஆண்டுகள் பிழையின்றி இருந்தன. பூட்டி இறுதிவரை பொறுமையாகக் கேட்டார்.

“கப்பலா? நான் கப்பலைக் கண்ணாலகூடக் கண்டதில்லையே, தாயி! எங்க பாட்டையா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டுலேருந்து போடிக்கு வந்து, குரங்கணி வழியா நடந்துல்லா மலையேறுனாரு!”

“கம்ப்யூட்டர்ல கேட்டுத்தான் எழுதுனேன், பூட்டி. அது உலகத்துல உள்ள எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கு.”

“படிக்கட்டும். அதுக்கு யாரு சொன்னா?”

எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி கேட்ட இக்கேள்விக்கு, முப்பதாண்டு கரும்பலகை முன் நின்ற எங்களுக்கு விடை தெரியவில்லை. மகனிடம் கேட்டோம். அவன் சொன்னதையும், அதன் பின்னர் நாங்களே தேடிப் படித்து விளங்கிக்கொண்டதையும் எளிய முறையில் இங்கே சொல்கிறோம்.

கணிப்பொறிக்கு உலகச் செய்திகளைக் கற்பிக்கத் தொடக்கத்தில் மனிதர்களே அவற்றை ஒவ்வொன்றாக எழுதி உள்ளே இட்டு வந்தனர். பாரிஸ் ஒரு நகரம், பசு ஒரு விலங்கு, இன்னாரின் மகன் இன்னார் என்று எழுதிக்கொண்டே போனால் முடிவுண்டா? ஆகவே, கணிப்பொறி தானே படித்துக் கற்கட்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஓர் எளிய வழியைக் காட்டினார். சில சொற்றொடர் அமைப்புகள் தாமே பாடம் சொல்லும் என்பது அவர் கண்டது. நம் மொழியில் வைத்துப் பார்ப்போம். “மூணாறு, வால்பாறை, கூடலூர் போன்ற மலையூர்கள்” என்ற தொடரைக் கணிப்பொறி எங்கேனும் கண்டால், ‘போன்ற’ என்பதற்கு முன் வந்த மூன்றும், பின் வந்த வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்துகொள்ளலாம். மூணாறு என்றால் என்ன என்று அதற்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ‘போன்ற’ என்னும் ஒரு சொல் சொல்லிவிடும்.

இவ்வழியைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார். டாம் மிச்சல் என்னும் பேராசிரியரின் தலைமையில், 2010ஆம் ஆண்டு சனவரியில் ‘நெல்’ என்று சுருக்கப் பெயர் கொண்ட ஒரு கணிப்பொறி நிரலை இயக்கத் தொடங்கினர். ஓயாமல் படித்து ஓயாமல் கற்பது என்பது அப்பெயரின் விரிவுப் பொருள். நம் காதில் அது நெல்மணியாக ஒலிப்பதும் பொருத்தமே. ஏனெனில், அதற்கு அவர்கள் இட்டது விதைதான். நகரம், நிறுவனம், விளையாட்டு, உணவு எனச் சில நூறு வகைகளையும் உறவுகளையும் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் விதைத்துவிட்டு, 50 கோடி இணையப் பக்கங்களை அதன் முன் விரித்து வைத்தனர். அறிந்த நகரங்களின் பெயர்கள் எத்தகைய தொடர்களில் வருகின்றன என்று அது பார்த்தது. அத்தொடர்களைக் கொண்டு புதிய நகரங்களைக் கண்டது. புதியவற்றைக் கொண்டு மேலும் புதிய தொடர்களைக் கண்டது. 67 நாட்கள் ஓடிய பின் கணக்கெடுத்தபோது 2,42,000க்கு மேற்பட்ட செய்திகளைச் சேர்த்திருந்தது. அவற்றுள் நூற்றுக்கு எழுபத்து நான்கு சரியானவை என்று மதிப்பிட்டனர். அதாவது, நான்கில் ஒன்று பிழை.

அப்பிழைகளில் ஒன்று பெயர் பெற்றது. அந்நாட்டார் அடுப்பில் சுட்டுண்ணும் இனிப்பு ரொட்டிக்குக் ‘குக்கீ’ என்று பெயர். இணையத்தில் உலவுவோர் கணிப்பொறியில் தங்கிவிடும் சிறு குறிப்புக் கோப்புக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். “இணையக் குக்கீகளை அழித்தேன்” என்று பலர் எழுதியதைப் படித்த நிரல், இணையக் குக்கீ என்பதும் ஒரு சுட்ட பலகாரமே என்று கொண்டது. பிறகு, “கோப்புகளை அழித்தேன்” என்பதையும் கண்டு, கணிப்பொறிக் கோப்புகளும் பலகார வகையே என்று முடிவு கட்டியது. ஒரு பிழை புகுந்தால் அதுவே அடுத்த பிழைக்கு ஆசிரியராகிவிடும். ஆகவே, மனிதர் அவ்வப்போது அமர்ந்து களையெடுக்க வேண்டியிருந்தது.

தமிழில் இதே வேலையைச் செய்தால் என்னவாகும் என்று எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். முதல் அடியிலேயே வழுக்குகிறது. ‘போன்ற’ என்பது நமக்கு வகை சொல்லும் சொல் மட்டுமன்று. உவம உருபும் அதுவே. “நிலவு போன்ற முகம்” என்று ஒரு கவிஞர் எழுதினால், நிலவு என்பது முகத்தில் ஒரு வகை என்று கணிப்பொறி எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்தது வேற்றுமை. மூணாறு, மூணாற்றில், மூணாற்றுக்கு, மூணாற்றிலிருந்து, மூணாற்றார் என்று ஒரே ஊர் நம் நாவில் பல வடிவம் கொள்ளும். குழந்தை இவற்றை ஓர் ஊராக அறியும். எழுத்தை மட்டும் காண்கின்ற கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு உருக்கள். அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டுறவு காண அது மிகப் பல பக்கங்களைப் படித்தாக வேண்டும்.

மூன்றாவது, பெயர் மயக்கம். எங்கள் சித்தூர் சோகநாசினி ஆற்றங்கரையில் உள்ளது. முன்னாளில் கொச்சி அரசுக்கு உட்பட்டது. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த குருமடம் அங்கேதான் இருக்கிறது. ஆந்திர மாநிலத்திலும் ஒரு சித்தூர் உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அங்கும் மாம்பழம் பெயர் பெற்றது. எங்கள் வட்டத்து முதலமடையிலும் மாம்பழம் பெயர் பெற்றது. “சித்தூர்த் தமிழர் என்ன பயிரிடுகின்றனர்?” என்று பேத்தியின் கணிப்பொறியிடம் கேட்டோம். ஆந்திரத்து மாந்தோப்புகளை வருணித்து அழகான ஒரு பத்தி எழுதித் தந்தது. அதில் எங்கள் நிலக்கடலைக்கு இடமில்லை.

பேத்தி பயன்படுத்தியது ‘நெல்’ வழியில் வந்ததன்று. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பொதுமக்கள் கைக்கு வந்திருக்கும் உரையாடும் வகையைச் சேர்ந்தது. இது செய்திகளைப் பேரேட்டில் வரிசையாக எழுதி வைப்பதில்லை. அளவிறந்த எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகுகிறது. அப்பழக்கத்தினுள்ளேயே செய்திகளும் கரைந்து கிடக்கின்றன. எனவே, எது அடிக்கடி எதனோடு சேர்த்து எழுதப்பட்டதோ, அதுவே அதன் வாயில் முந்தி வரும்.

இங்கேதான் கப்பல் வந்து சேர்ந்த வழி எங்களுக்குப் புலப்பட்டது. பேத்தி கேட்ட கேள்வியில் தேயிலைத் தோட்டம், தமிழர், லயம், கங்காணி, கொழுந்து என்னும் சொற்கள் இருந்தன. இச்சொற்கள் கூடிவரும் எழுத்தில் மிகுதியானது எது? இலங்கை மலையகத் தமிழரைப் பற்றியது. அம்மக்கள் தம் துன்பத்தையும் போராட்டத்தையும் கதையாகவும் கவிதையாகவும் ஆய்வாகவும் இடைவிடாமல் எழுதினர். எழுதியதைக் காத்தனர். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பல்லாயிரக்கணக்கில் படியெடுத்து வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட மக்கள் அவர்கள். எழுத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதினார்கள், கணிப்பொறி படித்தது. நாம் எழுதவில்லை, ஆகவே, நம் வீட்டுக் குழந்தைக்கும் அவர்கள் வரலாற்றையே எடுத்துக் கொடுத்தது. அப்படித் திரும்பி வந்தவர்களும் கேரளத்தில் உண்டு. புனலூர்ப் பகுதியில் அவர்களைக் குடியமர்த்தினர். ஆனால், பூட்டி அவர்களுள் ஒருவர் அல்லர்.

எழுத்தின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஏஐ ஃபார் பாரத்’ ஆய்வுக்குழுவினர், இந்திய மொழிகளைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பதற்காக இணையத்திலிருந்து பெருந்தொகுப்பு ஒன்றைத் திரட்டி 2020இல் வெளியிட்டனர். அதில் இந்தி ஏறத்தாழ 186 கோடிச் சொற்கள். மலையாளம் 72 கோடி. தமிழ் 58 கோடி. ஒரு மொழியார் சொல்லை ஒட்டி எழுதுவர், மற்றவர் பிரித்து எழுதுவர். எனவே, இத்தகைய எண்ணிக்கையைத் துல்லியமான தராசாகக் கொள்வதற்கில்லை. ஆயினும், மக்கள்தொகையில் நம்மினும் சிறிய மலையாளத்தின் பங்கு நம்முடையதை விஞ்சி நின்றதைக் கண்டு வியந்தோம். இத்தொகுப்பின் பெரும்பகுதி செய்தித்தாள் எழுத்து. ஆகவே, செய்தித்தாள் எதைக் காண்கிறதோ அதைத்தான் கணிப்பொறி மிகுதியாகக் காணும்.

நம் மலையைப் பற்றிச் செய்தித்தாள் என்ன காண்கிறது? குளிர்காலத்தில் உறைபனி; சாலையில் இறங்கிய யானை; பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குறிஞ்சிப்பூ. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்று திரண்டு, போனசும் கூலியும் கேட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தபோது நாட்டின் கண்கள் சில நாள் அவர்கள்மேல் விழுந்தன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தார். இறந்தோர் பெயர்ப்பட்டியலை நாளேடுகள் வெளியிட்டன. பல தலைமுறை அம்மலையில் வாழ்ந்தும் எழுத்தில் ஏறாத பெயர்கள், மண்ணுள் போன பின்னரே எழுத்தில் ஏறின. அதை நினைத்த அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் சோறு இறங்கவில்லை.

மூணாற்றுக்கு ஓடிய இரயிலைப் பற்றிக் கேட்டால் கணிப்பொறி தடையின்றிச் சொல்கிறது. 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதை. 1908இல் அதனை மாற்றி அமைத்த சிறு இரயில். டாப் ஸ்டேஷன்வரை சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கிய விதம். 1924ஆம் ஆண்டு ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல் வந்தமையால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று மலையாளிகள் சொல்லும் பெருவெள்ளத்தில் பாதை முழுவதும் அழிந்தது. எல்லாம் சரி. 1877இல் பூஞ்ஞார் அரசரிடம் நிலம் பெற்ற ஜான் டேனியல் மன்றோவின் பெயரும் சொல்கிறது. தண்டவாளம் சுமந்தவர் பெயர் ஒன்றேனும் சொல் என்றோம். அதனிடம் இல்லை. தேயிலை வடத்தில் தொங்கியபடி இறங்கிய அதே மலையில், பூட்டியின் பாட்டையா காலால் நடந்து ஏறினார். வடத்துக்கு வரலாறு இருக்கிறது; காலுக்கு இல்லை.

இதற்குக் கணிப்பொறியைக் குறை சொல்ல வழியில்லை. இத்தகைய சங்க மலர்களில் நாங்களே எழுதியவற்றை எண்ணிப் பார்த்தோம். குறிஞ்சித் திணையின் முதற்பொருள், கருப்பொருள் பற்றி எழுதினோம். குறிஞ்சி நிலத்தில் கம்பளி போர்த்தி மழையில் நின்று கொழுந்து பறித்த எங்கள் தாயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தமிழர் சிறுபான்மையினராக வாழும் பகுதிகளில் அவர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே உரிமை கொடுத்தது. அவ்வுரிமையைப் பற்றிக் கூட்டங்களில் பேசினோம். நம் வரலாற்றை நமக்கு நாமே எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை என்பதை மறந்தோம்.

உழவர் வீட்டில் பட்டா இருக்கும். கிரயப் பத்திரம் இருக்கும். அவற்றில் பாட்டன் பெயர் இருக்கும். லயத்தில் வாழ்ந்தவருக்கு வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. ஆதலால் பத்திரமும் இல்லை. பூட்டியின் குடும்ப ஆவணம் முழுவதும் பூட்டியின் நினைவில்தான் இருக்கிறது. அந்நினைவும் இப்போது மாலை வெயில்போல் ஒருபுறம் விழுந்து மறுபுறம் இருளத் தொடங்கியிருக்கிறது. காலையில் சொன்ன பெயரை மாலையில் மறந்துவிடுகிறார்.

ஆகவே, அன்றே தொடங்கினோம். நாள்தோறும் காலைக் காப்பிக்குப் பின் அரைமணி நேரம். பூட்டி சொல்ல, பேத்தி கைப்பேசியில் குரலைப் பதிவு செய்ய, நாங்கள் இருவரும் நோட்டில் எழுதினோம். விடியுமுன் மஸ்டருக்கு ஓடியது, கவ்வாத்து வெட்டிய காலத்தில் கொழுந்தின்றிக் கூலி குறைந்தது, அட்டைக்கடிக்குப் புகையிலை தேய்த்தது, லயத்துச் சுவரில் அடுத்த வீட்டு அழுகை கேட்டது என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பூட்டி இரயிலைப் பற்றிச் சொன்னார். மாட்டுப்பட்டி வளைவில் அது கூவிக்கொண்டு வரும். புகை பச்சை மலையில் வெள்ளைத் துணிபோல் படியும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கையசைப்போம் என்று கண்முன் நடப்பதாகவே சொன்னார். பேத்தி விரல் விட்டு எண்ணினாள். “பூட்டி, ரயில் 1924லயே வெள்ளத்துல போயிருச்சே. நீங்க அப்பப் பிறக்கவே இல்லையே!”

எங்களுக்குத் துணுக்குற்றது. கணிப்பொறியின் பிழையைத் திருத்தப் புறப்பட்ட இடத்திலேயே பிழையா? பூட்டி கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: “ஆமா தாயி. நான் பாக்கல. எங்க ஆத்தா பாத்தது. ஆத்தா சொல்லிச் சொல்லி, நான் பாத்த மாதிரியே ஆயிருச்சு. ரயில் கூவுமாம். பிள்ளைக ஓடுவாகளாம்.”

அந்த ‘ஆம்’ எங்கள் காதில் மணிபோல் விழுந்தது. இலக்கண வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்போம்! ‘வந்தான்’ என்றால் கண்டவன் கூற்று. ‘வந்தானாம்’ என்றால் கேட்டவன் கூற்று. தான் காணாததைக் கண்டதாகச் சொல்லிவிடக் கூடாது என்னும் நேர்மையை நம் மொழி ஒரு சிறு அசையில் கட்டி வைத்திருக்கிறது. பூட்டிக்குள்ளும் கேட்டது கண்டதாக மாறிப்போயிருந்தது. எது அடிக்கடி சொல்லப்பட்டதோ அதை மெய்யென்று கொள்ளும் குறை கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. நம் நினைவுக்கும் உண்டு. வேறுபாடு ஒன்றுதான். “உங்களுக்கு யார் சொன்னார்?” என்று கேட்டதும் பூட்டியால் திரும்பிச் சென்று, தம் தாயின் மடிவரை நடந்து, விடை கொண்டுவர முடிந்தது.

‘நெல்’ நிரலை இயக்கியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். அது சேர்த்த ஒவ்வொரு செய்தியோடும் எவ்வளவு உறுதி என்பதை ஓர் எண்ணாகவும், எவ்வழியில் கிடைத்தது என்பதைக் குறிப்பாகவும் சேர்த்து வைத்தனர். அது ஒரு வகையில் கணிப்பொறியின் ‘ஆம்’. இன்றைய உரையாடும் கணிப்பொறிகளிலும் சில, தாம் பார்த்த பக்கங்களைச் சுட்டிக் காட்டுகின்றன. ஆனால், சரளமாக வந்து விழும் வாக்கியங்களில் அந்த ‘ஆம்’ பெரும்பாலும் உதிர்ந்து போகிறது. “வந்தனராம்” என்று எழுதப்பட்டதையும் “வந்தனர்” என்றே சொல்லிவிடுகிறது. படிக்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

எனவே, எழுதுவது மட்டும் போதாது. எப்படி எழுதுகிறோம் என்பதிலும் கருத்து வேண்டும். நாங்கள் கைக்கொண்ட முறை இது. ஊர்ப் பெயரோடு வட்டத்தையும் மாவட்டத்தையும் சேர்த்து எழுதினோம். ‘சித்தூர்’ என்று விடாமல் ‘பாலக்காட்டு மாவட்டச் சித்தூர்’ என்றோம். ‘அந்தக் காலத்தில்’ என்பதை விட்டு, ஆண்டு தெரிந்தால் ஆண்டும், தெரியாவிட்டால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்குப் பின்’ என்பதுபோல் ஓர் அடையாளமும் குறித்தோம். சொன்னவர் கண்டதா, கேட்டதா என்பதை ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் எழுதினோம். பூட்டி “இது வீட்டோட இருக்கட்டும்” என்று சொன்ன சிலவற்றை வெளியில் தரவில்லை. யாருடைய கடன், யாருடைய கண்ணீர் என்பதெல்லாம் உலகம் படிப்பதற்கன்று. எழுதுவோர்க்குரிய அறத்தில் எழுதாமையும் அடங்கும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலிருந்து தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருக்கிறது. ஆயினும், அங்கே வீட்டுக் கதையை நேராகக் கொண்டுபோய் எழுத முடியாது. அச்சேறிய சான்று கேட்பார்கள். அச்சான்றாக நிற்கக்கூடியவை இத்தகைய மலர்களே. ஆனால், பழைய மலர்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. கணிப்பொறி அலமாரியைத் திறந்து படிப்பதில்லை. பின்னாளில் கணிப்பொறியிலேயே கோத்து அச்சிட்ட மலர்களும், ஒருங்குறி வருமுன் வழங்கிய பழைய எழுத்துருக்களில் இருப்பதால், இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். அச்சு மலர்களைப் படியெடுத்து, எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்து வெளியிடலாம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியதால்தான் நம் பழைய இலக்கியத்தை இணையத்தில் ஏற்றியது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற பணி. கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் போதும்.

வீட்டுக்கு ஒரு பூட்டி இருப்பார். இல்லையெனில் ஒரு தாத்தா இருப்பார். அட்டப்பாடியிலோ, பீர்மேட்டிலோ, வேலந்தாவளத்திலோ தொடங்கிய கதை, இன்று நீங்கள் வாழும் நகரத்தில் அவருடைய நாற்காலியில் அமர்ந்திருக்கும். அவர் சொல்லத் தயாராகவே இருப்பார். கேட்பார் இல்லாமையே குறை. நாங்களும் எங்கள் தாயை எண்பத்தெட்டு வயதுவரை கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து புறப்படும் முன், பேத்தி தன் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். இம்முறை தமிழில் எழுதினாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. இரண்டு மூன்றைத் திருத்தினோம், மற்றவற்றை அப்படியே விட்டோம். இலங்கையையும் கப்பலையும் எடுத்துவிட்டிருந்தாள். முதல் வரியைப் பூட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்:

“என் பூட்டியின் பாட்டையா, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போடிக்கு வந்து, குரங்கணி வழியாக நடந்து மலையேறினாராம். பூட்டி சொன்னார், நான் கேட்டேன்.”